ஆர்கனும் பியானோவும் ஒரே கையில்: தொடுகை கெடுமா, எத்தனை வருடம் தாங்கும்?

பிப்ரவரி 4, மாலை (கேள்வி)

பியானோ வகுப்பும் எடுத்து, ஞாயிறுதோறும் ஆராதனைக்கு ஆர்கனும் வாசிப்பவருக்கு இரண்டிலுமே கை தேறாது என்கிறார்கள். ஆர்கனில் பழகிய விரல் பியானோவில் மரத்துப்போகுமாம், பியானோவில் பழகிய விரல் ஆர்கனில் ஓட்டை விடுமாம். உண்மையா? அப்படியானால் நாற்பது ஐம்பது வருடம் இரண்டையும் சேர்த்தே செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? ஆறுதல் வேண்டாம், செய்முறை வேண்டும்.

பிப்ரவரி 4, இரவு

பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் இரண்டும் கெடுகிறது.

பியானோவில் கட்டையை அழுத்தினால், சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு விரல் என்ன செய்தாலும் அந்தச் சுரத்தின் பலம் ஏறாது. தானே தேய்ந்துகொண்டுதான் போகும். ஆகவே அங்கே வித்தை எல்லாம் கட்டை இறங்கும் வேகத்தில் இருக்கிறது. ஆர்கன் கட்டையோ ஒரு வால்வின் கைப்பிடி. திறந்தால் காற்று குழாய்க்குப் போகும், மூடினால் நிற்கும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம், விரலை எடுக்கும்வரை குறையாத சத்தம். ஆகவே அங்கே வித்தை விரல் எழும் நேரத்தில் இருக்கிறது.

கெடுவது எங்கே என்றால், பியானோக்காரர் சுரங்களைச் சேர்த்துப் பிடிக்க, விரல் எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை நம்பிப் பழகியிருப்பார். கை தாவும்போது பெடல் ஒட்டுப்போடும். ஆர்கனில் அந்த ஒட்டு கிடையாது. விரல் விட்ட இடமெல்லாம் பொத்தலாகக் கேட்கும். மறுபக்கம், ஆர்கன் மட்டுமே வாசிப்பவர் பியானோவில் நான்கு விரலும் ஒரே கனமாக விழ, மெட்டு எது துணை எது என்று தெரியாமல் வாசிப்பார்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பயிற்சி, பத்து நிமிடம் போதும். ஆர்கனில் 8 அடி ஃப்ளூட் ஸ்டாப் ஒன்றை மட்டும் திறந்து (ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசையைத் திறந்து மூடும் குமிழ்; 8 அடி என்றால் கட்டைக்குரிய இயல்பான சுருதி), சி முதல் ஜி வரை ஐந்து சுரம். முதலில் ஒவ்வொரு சுரமும் அடுத்ததோடு கொஞ்சம் உரசும்படி. அடுத்து, ஒன்று முடியும் கணத்திலேயே அடுத்தது தொடங்கும்படி. மூன்றாவது, ஒவ்வொன்றும் பாதி நீளம் மட்டும். இடைவெளியைக் காதால் அளக்க வேண்டும். கட்டையைப் பார்த்து அளக்கக் கூடாது. பிறகு பியானோவில் பெடல் தொடாமல் அதே ஐந்து சுரம், மெல்லிசாக, நடுத்தரமாக, பலமாக. கடைசியாக மூன்று சுரக் கார்டு ஒன்றில் மேல் சுரம் மட்டும் பலமாகவும் மற்ற இரண்டும் அடங்கியும் ஒலிக்க வேண்டும். அது வரவில்லையானால் ஆர்கன் கை பியானோவுக்கு இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 5

‘அப்படியென்றால் பாமாலைப் பாட்டை நாலு பாகமும் (மேலிருந்து சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்) இணைத்து, காலால் வாசிக்கும் ஆர்கன் பெடலோடு வாசிக்க எங்கிருந்து தொடங்குவது?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலானோர் தொடங்குகிற இடம் தவறு. இரண்டு கையிலும் நாலு பாகத்தை வாசித்துப் பழகிவிட்டு, பிறகு காலைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். அதற்குள் இடது கை பாஸை வாசித்து வாசித்து ஊறிப்போயிருக்கும். கால் பாஸைத் தொட்டவுடன் இடது கையும் அதையே தேடி ஓடும். வரிசை இப்படி இருக்கட்டும்: கால் மட்டும் பாஸ். அடுத்து கால் பாஸ், வலது கை சோப்ரானோ மட்டும். அடுத்து இடது கை டெனர் மட்டும், காலோடு. இதுதான் மிகக் கடினமான படி, வாரக் கணக்கில் நிற்கும், தாண்டிக் குதிக்காதீர்கள். டெனரை வேறொரு மேனுவலில் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) 8 அடி ஃப்ளூட்டில் வையுங்கள். பெடலில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 16 அடி ஒன்று, 8 அடி ஒன்று. நிறம் வேறாக இருந்தால் காது இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் ஆல்டோ. ஆல்டோ எந்தக் கைக்கு எளிதோ அந்தக் கை எடுக்கும், பாட்டின் நடுவே கை மாறினாலும் பரவாயில்லை. எங்கே மாறுகிறது என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் மாற்று என்று ஒன்று உண்டு: ஒரே கட்டையைப் பிடித்தபடியே மூன்றாம் விரலை ஐந்தாம் விரலாக மாற்றுவது. பியானோவில் அபூர்வமாகத் தேவைப்படும், ஆர்கனில் வரிக்கு வரி தேவைப்படும். புது விரல் கட்டையில் ஏறி அமர்ந்த பிறகே பழைய விரல் எழ வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றாக எழுந்து சுரம் இரண்டு முறை கேட்டால், வேகத்தைப் பாதியாக்குங்கள்.

திரும்ப வரும் சுரங்கள்: சோப்ரானோவில் ஒரே சுரம் இரண்டு தரம் வந்தால், முதலாவதைப் பாதியில் எடுங்கள். க்ராட்செட் (ஒரு பீட் சுரம்) என்றால் ஒரு குவேவர் (அரை பீட்) ஒலி, ஒரு குவேவர் மௌனம். உள் பாகங்களில் அப்படி வந்தால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாப் பாகத்தையும் எடுத்தால் பாட்டு குதிக்கும். எதையும் எடுக்காவிட்டால் சபைக்குத் தாளமே கேட்காது.

பிப்ரவரி 6

நேற்று ‘பாதி’ என்று அடித்துச் சொன்னது சரியில்லை, திருத்துகிறேன். அது கட்டடத்தைப் பொறுத்தது. எதிரொலி நீளமான கல் கட்டடத்தில் பாதி எடுத்தாலும் ஒட்டியது போலத்தான் கேட்கும்; அங்கே பாதிக்கும் மேலே கூட எடுக்கலாம். கம்பளமும் மெத்தை நாற்காலியும் உள்ள அறையில் பாதி எடுத்தால் விக்கல் போல இருக்கும். கால் பங்கு போதும். சோதிக்க வழி: ஒரு கார்டைப் பிடித்து டக்கென்று விட்டுவிட்டு, ஒலி அடங்கும்வரை எண்ணுங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கினால் வறண்ட அறை. மூன்று விநாடிக்கு மேல் போனால் உங்கள் விரல்கள் எல்லாவற்றையும் சுருக்கிப் பேச வேண்டும். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும், ஆகவே வெள்ளிக்கிழமை காலி அறையில் பழகிய அளவு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படியே பொருந்தாது.

பிப்ரவரி 9

‘சபை இழுத்துக்கொண்டே போகிறது, நானும் கூடவே மெதுவாகிவிடுகிறேன்.’

காரணம் சோம்பல் அல்ல, தூரம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சபையார் உங்களிடமிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், ஆர்கன் சத்தம் அவர்களை அடைய 58 மில்லிவிநாடி, அவர்கள் பாட்டு உங்களிடம் திரும்பி வர இன்னொரு 58. நிமிடத்துக்கு 90 பீட் என்றால் ஒரு பீட் 667 மில்லிவிநாடி. ஆகவே அவர்கள் கச்சிதமாகப் பாடினாலும் உங்கள் காதுக்கு ஆறில் ஒரு பங்கு பீட்டுக்கும் மேலே பிந்தித்தான் கேட்கும். அந்தப் பிந்தலுக்காக நீங்கள் காத்திருந்தால், அவர்களும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், பாட்டு படுத்துவிடும்.

ஆக, பின்தொடராதீர்கள். முகப்பு இசையை எந்த வேகத்தில் வாசித்தீர்களோ அதே வேகம் கடைசி வரை. மூச்சு விடும் இடத்தை மட்டும் உங்கள் கையால் காட்டுங்கள்: வரி முடிவில் கையை எடுங்கள், அடுத்த வரியைச் சரியான பீட்டில் தொடங்குங்கள். சரணங்களுக்கு இடையே கடைசி கார்டை முழு நீளமும் பிடித்து, பிறகு ஒரு பீட்டோ இரண்டு பீட்டோ மௌனம். எத்தனை என்பது முக்கியமில்லை, எல்லாச் சரணத்துக்கும் ஒரே அளவு என்பதே முக்கியம். சபை இரண்டாவது இடைவெளியிலேயே அதைக் கற்றுக்கொண்டுவிடும்.

வார்த்தைகளை வாயசைத்துப் பாடிக்கொண்டே வாசியுங்கள். மூச்சு முட்டும் வேகமா, இழுபறியான வேகமா என்று தொண்டைதான் முதலில் சொல்லும்.

பிப்ரவரி 10

நேற்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போனது. குழாய்களோ ஸ்பீக்கர்களோ கன்சோலிலிருந்து (நீங்கள் உட்கார்ந்து வாசிக்கும் மேசை) தள்ளி இருந்தால், உங்கள் சுரமே உங்களுக்குப் பிந்திக் கேட்கும். அங்கே காதை நம்பி வாசிக்க முடியாது. விரல் கட்டையின் அடியைத் தொடும் உணர்வை நம்பி வாசிக்க வேண்டும். தாளம் காட்டும் மெட்ரோனோமைக் காதில் வைக்காமல், ஒளிரும் வகையைக் கண் முன்னே வைத்துப் பழகலாம்.

பிப்ரவரி 13

ஐம்பது வருடக் கேள்விக்கு வருகிறேன். விரல் தேய்ந்து யாரும் ஆர்கனை விடுவதில்லை. இடுப்பு, முதுகு, கண், காது, இந்த வரிசையில்தான் விடுகிறார்கள்.

ஆர்கன் பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு கிடையாது, வாசிக்கும்போது கால் தரையில் ஊன்றியிருக்காது. உடம்பின் முழுக் கனமும் உட்காரும் எலும்பிலும் வயிற்றுத் தசையிலும் நிற்கிறது. ஆகவே பெஞ்சு உயரமே முதல் மருந்து. உட்கார்ந்து கால்களைத் தளரவிட்டால், பாதம் வெள்ளைப் பெடலின் மேல் ஒலிக்காமல் மிதக்க வேண்டும். கணுக்காலை மட்டும் வளைத்தால் பெடல் இறங்க வேண்டும். தொடையைத் தூக்கி இறக்கினால்தான் சத்தம் வருகிறது என்றால் பெஞ்சு உயரம் அதிகம். சும்மா இருந்தாலே பெடல் ஒலித்தால் தாழ்வு. ஒரே பெஞ்சில் பலர் வாசிக்கும் இடத்தில் இரண்டு, மூன்று கன அளவுகளில் மரக்கட்டைகள் வெட்டி வைத்து, உங்கள் கட்டை எது என்று குறித்து வையுங்கள். உயரமானவருக்காக ஏற்றியதைக் குள்ளமானவர் சகித்துக்கொண்டு வாசிப்பது மூட்டுக்கு நேரடி வட்டி.

உடம்பின் நடு, பெடல் பலகையின் நடு டி-க்கு நேரே. அங்கிருந்து குனிந்து பார்க்காமல் பெடலைக் கண்டுபிடிக்க, கருப்புப் பெடல்களுக்கு இடையே உள்ள அகலமான இடைவெளிகளைப் பிடியுங்கள்: டி ஷார்ப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே ஒன்று, ஏ ஷார்ப்புக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஒன்று. கால் கட்டைவிரல் நுனி கருப்புப் பெடலின் பக்கவாட்டைத் தடவினால் போதும், இடம் தெரிந்துவிடும். முழங்கால்கள் முடிந்தவரை சேர்ந்தே இருக்கட்டும். ஓரத்துப் பெடலுக்குப் போகையில் இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் திரும்பட்டும். ஒற்றைக் காலை மட்டும் நீட்டி எட்டிப் பிடிப்பவர்களுக்குத்தான் இடுப்பு முதலில் பேசும்.

காலணி: மெல்லிய தோல் அடி, இரண்டரை முதல் மூன்று செ.மீ. குதிகால், பக்கவாட்டில் துருத்தாத ஓரம். ரப்பர் அடி பிடித்துக்கொள்ளும், சறுக்கிப் போக விடாது. அந்தக் காலணியோடு வெளியே நடக்கக் கூடாது. மண் துகள் ஒட்டினால் பெடலையும் அரிக்கும், காலையும் வழுக்கும். வெறுங்காலோடு வாசிப்பவர்கள் உண்டு. செய்யலாம்தான், ஆனால் குதிகால் உயரம் இல்லாததால் கணுக்கால் கூடுதலாக வளைய வேண்டும். நீண்ட காலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் எழுந்து நடங்கள். பிரசங்கத்தின்போது காலைப் பெஞ்சின் குறுக்குக் கட்டையில் வையுங்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14

சின்னக் குறிப்பு, ஆனால் ஆராதனையையே கவிழ்க்கக் கூடியது. மின்னணு ஆர்கனில் சுருதியை மேலே கீழே மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் முந்தின ஆள் வைத்த இடத்திலேயே நிற்கலாம். உட்கார்ந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பாடகர் குழு இரண்டு அரைச்சுரம் மேலே போய்த் தொண்டை கிழியும்வரை யாருக்கும் புரியாது.

பிப்ரவரி 18

கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எழுதுகிறேன்.

படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குச் செய்யப்படுவது. ஆர்கனில் இசைத்தாள் அதைவிடத் தள்ளி நிற்கும், மேனுவல்கள் கூடக் கூட இன்னும் தள்ளிப் போகும். ஆகவே படிக்கும் கண்ணாடியோடு உட்கார்ந்தால் தலை தானாக முன்னே நீளும், அந்தக் கழுத்தோடு ஒரு மணி நேரம். இரட்டைக் குவியக் கண்ணாடி (பைஃபோகல்) இன்னும் மோசம்: கீழ்ப் பாதியால் மேலே இருக்கும் தாளைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். நீங்கள் வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து தாள் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 65 செ.மீ. என்றால் அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் கொடுங்கள். கணக்கு எளிது: ஒன்றை மீட்டர் அளவால் வகுத்தால் டயாப்டர், அதாவது கண்ணாடியின் பவர். 40 செ.மீ.க்கு 2.5, 65 செ.மீ.க்கு சுமார் 1.5. ஒற்றைக் குவியக் கண்ணாடி ஒன்று ஆர்கனுக்கென்றே தனியாக. பியானோவில் தாள் அருகே இருக்கும், ஆகவே வகுப்புக்கு வேறு எண் தேவைப்படலாம், அதையும் அளந்துவிடுங்கள்.

பிப்ரவரி 19

கண்ணைப் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தவர்கள். ஆர்கனிஸ்ட் லூயி வியேர்ன் பிறவியிலேயே பார்வை மங்கியவர். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் 1937 ஜூன் 2 அன்று கன்சோலில் வாசித்துக்கொண்டிருந்தபோதே இறந்தார். ழான் லாங்லே பார்வையற்றவர், பாரிஸ் செயின்ட் க்ளோத்தில்த் ஆலயத்தில் 1945 முதல் 1987 வரை வாசித்தார். பார்வையற்றோருக்கு எழுத்துமுறையைத் தந்த லூயி பிரெயில்கூட தேவாலய ஆர்கனிஸ்ட்தான்.

ஜெர்மன் ஆர்கனிஸ்ட் ஹெல்முட் வால்ஹாவும் பார்வையற்றவர். அவருக்கு வேறொருவர் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, அவர் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து மனதுக்குள் கோத்துக்கொள்வார். பார்வை உள்ளவர்களுக்கும் அதைவிட நல்ல பாடம் தெரியவில்லை. பிப்ரவரி 5 குறிப்பில் பாகம் பாகமாகப் பிரிக்கச் சொன்னேனே, அங்கே ஒரு படி சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று பாகத்தை வாசித்துக்கொண்டே நான்காவதை வாயால் பாடுங்கள். டெனரைப் பாட முடிந்தால் அந்தப் பாட்டு உங்களுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 24

காது. இதை யாரும் பேச விரும்புவதில்லை.

வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த அதிர்வெண். 61 கட்டை மேனுவலில் கடைசி சி, 8 அடி ஸ்டாப்பில் 2093 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் 4 அடியில் 4186. இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும் 2 அடியில் 8372. அறுபதைத் தாண்டிய பல காதுகளுக்கு அந்தக் கடைசி எண் மங்கல்தான். விளைவு என்ன? ‘ஆர்கன் பளபளப்பை இழந்துவிட்டது’ என்று தோன்றும், 2 அடியும் மிக்ஸ்சரும் (கட்டைக்குப் பல உயர்ந்த குழாய்கள் ஒலிக்கும் ஸ்டாப்) ஒவ்வொன்றாகச் சேரும். பெஞ்சில் இருப்பவருக்கு இதமாக இருக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்துவார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், மரியாதை.

காது நன்றாக இருக்கும் வயதிலேயே உங்கள் ஸ்டாப் சேர்க்கைகளை நோட்டில் எழுதிவிடுங்கள்: சிறிய கூட்டத்துக்கு இது, நிறைந்த ஆலயத்துக்கு இது, தனிப் பாடகருக்கு இது. பிற்காலத்தில் அந்த நோட்டைக் காதுக்கு மேலே நம்புங்கள். இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நடுக்கூடத்தில் நின்று கேளுங்கள். காது போனால் அங்கும் போனதுதானே என்பீர்கள். ஆனால் சபையின் குரலுக்கும் ஆர்கனுக்கும் உள்ள விகிதம் அங்கே நின்றால் தெரியும், பெஞ்சில் தெரியாது.

பாதுகாப்பு: 85 டெசிபல் எட்டு மணி நேரம் வரை என்பது வழக்கமான வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 94-க்கு ஒரு மணி. உங்கள் பெஞ்சில் முழு ஆர்கனையும் திறந்து ஒருமுறை அளந்து பாருங்கள். பயிற்சியை 8 அடி ஃப்ளூட் ஒன்றில் செய்யுங்கள். தவறுகளும் அதில்தான் தெளிவாகக் கேட்கும்.

பிப்ரவரி 25

‘என் ஆர்கனில் 61 கட்டை இல்லையே’ என்று வந்த குறிப்பு சரி. 56 கட்டையானால் மேல் ஜி-யில் நிற்கும், 8 அடியில் 1568 ஹெர்ட்ஸ், 2 அடியில் 6272. கொஞ்சம் தப்பித்தீர்கள், அவ்வளவே.

மார்ச் 2

‘வெயில் காலத்தில் டிரம்பெட் ஸ்டாப் சுருதி இறங்கிவிடுகிறது, நானே சரிசெய்யலாமா?’

அது இறங்குவதில்லை. நாக்கு இல்லாமல் புல்லாங்குழல் போல ஒலிக்கும் ஃப்ளூ குழாய்கள் ஏறுகின்றன. குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு) ஏறும். 20 பாகையில் 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய ஆர்கன், 30 பாகையில் 447-க்கு அருகே நிற்கும். டிரம்பெட் போன்ற ரீட் குழாயில் சுருதியை முக்கியமாகத் தீர்மானிப்பது உலோக நாக்கு. அது அந்த அளவுக்கு நகராது. ஆகவே பத்துப் பாகை வித்தியாசத்தில் இரண்டுக்கும் இடையே அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேலே இடைவெளி. சரிசெய்யும்போது ரீட்டைத்தான் ஃப்ளூவுக்கு இணங்கச் செய்வார்கள், ஒருபோதும் மறுதலையாக அல்ல. ரீட்டுக்கு ட்யூனிங் கம்பி ஒன்றுதான், ஃப்ளூ நூற்றுக்கணக்கில். எந்த வெப்பநிலையில் சுருதி கூட்டினார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஆராதனை நேரத்து வெப்பத்திலேயே கூட்டச் சொல்லுங்கள். ஆளில்லாத குளிர்ந்த காலையில் கூட்டியது நண்பகலில் நிற்காது.

நாக்கை விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை உலோகத்தைக் கெடுக்கும். ஒரு சுரம் மட்டும் பேசாமல் இருந்தால் பெரும்பாலும் தூசி. அந்தக் கட்டையை விட்டு விட்டுப் பல முறை வேகமாக அடித்துப் பாருங்கள், காற்றே அதைத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் பராமரிப்பவர் வேலை.

ஆர்கனும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சியா? பியானோ அன்றைய வெப்பத்துக்கு ஏறாது. பியானோவை மாற்றுவது குழாய்களை மாற்றுவதைவிட எளிது, ஆகவே ஆர்கனை அன்றைய வெப்பத்தில் நிறுத்தி அதற்குப் பியானோவை இணங்கச் செய்யுங்கள்.

மார்ச் 3

இரண்டு திருத்தம். ‘ட்யூனிங் கம்பி ஒன்றுதான்’ என்று எழுதியதை ஸ்டாப்புக்கு ஒன்று என்று படித்துவிடாதீர்கள்; ஒவ்வொரு ரீட் குழாய்க்கும் ஒன்று. சொல்ல வந்தது, ரீட் ஸ்டாப்புகள் எண்ணிக்கையில் குறைவு என்பதே. இரண்டாவது, பியானோவை 440-லிருந்து 447-க்கு ஒரே நாளில் ஏற்றச் சொல்வது போலப் பொருள்பட எழுதிவிட்டேன். கூடாது. அத்தனை கம்பிகளின் இழுவிசையும் கூடும், கூட்டியது நிற்காது, பழைய கம்பி அறுந்தும் போகும். நாலைந்து சென்ட் வித்தியாசத்துக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தும். அதற்கு மேல் போனால் இரண்டையும் மாறி மாறி வாசியுங்கள், சேர்த்து வாசிக்காதீர்கள்.

மார்ச் 4

விரல் எடுத்த பிறகும் ஒரு சுரம் ஊளையிட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு சைஃபர் என்று பெயர். ஆராதனை நடுவில் நேர்ந்தால் வரிசை: அந்தக் கட்டையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். நிற்கவில்லையா, ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக மூடி எந்த ஸ்டாப்பில் கத்துகிறது என்று பிடியுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அதை மூடிவிட்டு மற்றவற்றோடு தொடருங்கள். எல்லாவற்றிலும் என்றால் அந்த மேனுவலையே விட்டுவிட்டு வேறு மேனுவலுக்குப் போங்கள், இரண்டு மேனுவலை இணைக்கும் கப்ளர் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று மோட்டாரை நிறுத்துவது கடைசி வழி. அப்போது சபையைத் துணையில்லாமல் பாடவிடுங்கள், பாடுவார்கள்.

மார்ச் 10

பியானோ வகுப்புப் பக்கம். ஆர்கனிஸ்டாகவும் இருக்கும் ஆசிரியரின் மாணவர்களிடம் தொடர்ந்து காணப்படும் மூன்று குறைகள்: கார்டு முழுவதும் ஒரே கனம்; சஸ்டெய்ன் பெடல் பயம்; சுரத்தின் முடிவு சுத்தமாக இருக்க, தொடக்கம் சப்பையாக இருப்பது. ஆசிரியரின் காது முடிவுகளையே திருத்துவதால் இது வருகிறது.

பெடலுக்கு மருந்து: சுரம் விழுந்த பிறகு பெடலை அழுத்துவது, அடுத்த சுரம் விழும் அதே கணத்தில் தூக்குவது, உடனே மீண்டும் அழுத்துவது. ‘கை கீழே, கால் மேலே’ என்று சொல்லியே பழக்கலாம். குழந்தைகள் கையும் காலும் ஒன்றாக இறக்குவார்கள், முந்தின கார்டின் மிச்சம் உள்ளே மாட்டிக்கொள்ளும். நான்கு கார்டுகளை மிக மெதுவாக, ஒரு கார்டுக்கு நான்கு எண்ணிக்கை. ஒன்றில் கை விழக் கால் எழும், இரண்டில் கால் இறங்கும். வேகம் கூடக் கூட அந்த இடைவெளி தானே சுருங்கும்.

நல்ல பக்கமும் உண்டு. ஆர்கன் வாசிக்கும் ஆசிரியரின் மாணவர்களுக்கு நடுப் பாகங்கள் கேட்கும், நீண்ட சுரத்தை முழுதாகப் பிடிப்பார்கள், தாளை முதல் பார்வையில் வாசிப்பார்கள். வாராவாரம் புதுப் பாட்டு வாசிக்கும் ஆசிரியர் அதையே வகுப்புக்கும் கொண்டுவருவார். மாணவரின் நிலைக்கு இரண்டு படி கீழே உள்ள நான்கு வரியை ஒவ்வொரு வகுப்பிலும், நிறுத்தாமல், தவறைத் திருத்தாமல், எண்ணிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். நிறுத்தித் திருத்தும் பழக்கம் உள்ளவர் சபைக்கு வாசிக்க முடியாது.

மார்ச் 11

‘என் மாணவி ஆர்கனுக்கு மாற விரும்புகிறாள், எப்போது அனுப்பலாம்?’

வயதைப் பார்க்காதீர்கள். கால் எட்டுகிறதா, இரண்டு கையும் தனித்தனியாகப் பேசுகிறதா, இரண்டு பாக இசையை சஸ்டெய்ன் பெடல் இல்லாமல் இணைத்து வாசிக்கிறாளா, இவ்வளவுதான். மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள், ஆனால் பியானோவை நிறுத்த வேண்டாம். ஆர்கன் மட்டும் வாசிக்கும் விரல் பலவீனமாகும். முதல் மாதத்தில் வலது கால் சஸ்டெய்ன் பெடலைத் தேடித் தானாக இறங்கி பாஸ் சுரம் ஒன்றைக் குத்தும். திட்டாதீர்கள், அது போய்விடும். முதல் சில வகுப்புகளில் வலது காலைக் குறுக்குக் கட்டையில் வைத்து, இடது காலுக்கு மட்டும் வேலை கொடுங்கள்.

மார்ச் 17

திருமண ஊர்வல இசை பற்றிக் கேட்டவருக்கு: முன்கூட்டியே மூன்று வெட்டுப்புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலில் குறியுங்கள், ஆதார சுருதிக்கு வந்து இளைப்பாறும் இடங்கள். மணப்பெண் நடுவில் வந்து நின்றுவிட்டால் அங்கேயே வெட்டாதீர்கள். அடுத்த குறி வரை போய், இரண்டு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு முடிவுக் கார்டு வாசித்து நிறுத்துங்கள். தாமதமானால் கடைசிக் குறியிலிருந்து முதல் குறிக்குத் திரும்புங்கள். அந்தத் திருப்பத்தையும் பழகியிருக்க வேண்டும். கன்சோலிலிருந்து வாசல் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அதுவும் முடியாவிட்டால் சைகை காட்ட ஒரு ஆள்.

மார்ச் 21

முதல் கேள்வியில் ‘ஐம்பது வருடம்’ என்பதைச் சந்தேகத்தோடு கேட்டிருந்தீர்கள். சார்ல்ஸ் மாரி விதோர் 1870 ஜனவரியில் பாரிஸ் செயின்ட் சுல்பீஸ் ஆலயத்துக்கு ஆர்கனிஸ்டாகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டபோது வயது 25. 1933 முடிவில் விலகும்போது 89. அறுபத்து நான்கு வருடம், ஆர்கன் செய்பவரான அரிஸ்தீத் கவாயே கோல் 1862-இல் ஐந்து மேனுவல், நூறு ஸ்டாப்பாக மாற்றி அமைத்த அதே ஆர்கனில். அவருக்குப் பின் மார்செல் துப்ரே, 1934 முதல் 1971-இல் இறக்கும்வரை. இரண்டே பேர், நூறு வருடத்துக்கும் மேலே. ஒலிவியே மெசியான் திரினிதே ஆலயத்தில் 1931 முதல் 1992-இல் இறக்கும்வரை. மூவருமே பாரிஸ் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் கற்பித்தவர்கள். கற்பித்தல் வாசிப்பைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு எனக்கு இதைவிடப் பெரிய பதில் தெரியவில்லை.

மார்ச் 29

துப்ரே, விதோரின் உதவியாளராக நெடுநாள் இருந்தவர். அதிலிருந்து தோன்றியது: அடுத்தவருக்காக ஒரு நோட்டு. கன்சோலுக்குள்ளேயே, கயிற்றில் கட்டி.

அதில் இருக்க வேண்டியவை: காற்று மோட்டாரின் சுவிட்ச் எங்கே, ஃப்யூஸ் எங்கே. போட்டபின் எத்தனை விநாடி காத்திருந்து முதல் கட்டையைத் தொடுவது. சைஃபர் வரும் சுரங்கள், எந்தப் பருவத்தில். கடைசியாகச் சுருதி கூட்டிய தேதியும் வெப்பநிலையும். ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தச் சபை பாடும் வேகம், மெட்ரோனோம் எண்ணில்; தாளில் அச்சாகியிருக்கும் எண் அல்ல. சரணத்துக்கு இடையே எத்தனை பீட். எந்தப் பாட்டை இந்தச் சபை அச்சுக்கு மாறாகப் பாடுகிறது, எந்தப் பாரில். இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் போனால், புதியவர் முதல் ஞாயிறே சபையோடு மோதுவார்.

பென்சிலில் எழுதுங்கள், வேகம் மாறும். பெஞ்சின் மரக்கட்டைகளில் எது யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.